தட்டிய எழுத்து ஏன் தாமதமாக வருகிறது? ரியாக்ட் கம்போனென்ட்களின் ரெண்டர் வேகத்தை அளப்பது எப்படி

ஒரு துணிக்கடையின் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். மேலே ஒரு தேடல் பெட்டி, கீழே ஆயிரம் பொருள்களின் பட்டியல். பெட்டியில் ‘சட்டை’ என்று தட்டினால், விசையை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுத்து தெரிகிறது. இணைய இணைப்பில் குறையில்லை. சர்வர் மீதும் பழி போட முடியாது, ஏனென்றால் பட்டியல் முழுவதும் முன்பே பிரவுசருக்கு வந்துவிட்டது. தேடல் அங்கேயே நடக்கிறது. அப்படியானால் நேரம் எங்கே போகிறது?

இந்த இடத்தில் பலரும் ஊகத்தில் இறங்கிவிடுகிறார்கள். பக்கத்தைக் கட்டும் துண்டுகளான கம்போனென்ட்களில் கண்ணில் படுவதையெல்லாம் மெமோவுக்குள் (மாற்றமில்லாவிட்டால் மீண்டும் உருவாக்காதே என்று சொல்லும் உறை) சுற்றுகிறார்கள், கணக்கீடுகளையெல்லாம் யூஸ்மெமோவில் (பழைய விடையை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி) போடுகிறார்கள். கோட் சிக்கலாகிறது, வேகம் பழையபடியே இருக்கிறது. எது எத்தனை முறை ரெண்டர் ஆகிறது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் எடுக்கிறது, அந்த நேரத்தில் எந்தப் பகுதி பயனரைக் காக்க வைக்கிறது என்ற மூன்றும் தெரியாமல் கை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த மூன்றையும் எப்படித் தெரிந்துகொள்வது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இணையப் பக்கங்களைக் கட்டப் பயன்படும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை வைத்தே விளக்குகிறேன். அடிப்படை மற்ற நூலகங்களுக்கும் பொருந்தும்.

முதலில், ரெண்டர் என்றால் என்ன நடக்கிறது?

ரியாக்ட்டில் கம்போனென்ட் என்பது ஒரு ஃபங்ஷன்தான். அதை ரியாக்ட் அழைத்து, ‘திரை இப்போது எப்படி இருக்க வேண்டும்’ என்ற விவரத்தை வாங்கிக்கொள்கிறது. இந்த அழைப்புதான் ரெண்டர். வாங்கிய விவரத்தைப் பழைய விவரத்தோடு ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் பக்கத்தின் உண்மையான உறுப்புகளில் எழுதுகிறது. இந்த எழுத்து வேலைக்குக் கமிட் என்று பெயர். ரியாக்ட்டின் பங்கு பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடுகிறது.

அதன் பிறகு பிரவுசர் தன் வேலையைத் தொடங்குகிறது. எந்த உறுப்புக்கு எந்த சி.எஸ்.எஸ். விதி (தோற்றத்தைச் சொல்லும் விதி) பொருந்தும் என்று பார்க்கிறது, ஒவ்வொன்றின் அளவையும் இடத்தையும் கணக்கிடுகிறது, வண்ணம் தீட்டுகிறது, கடைசியில் அடுக்குகளைச் சேர்த்துத் திரைக்கு அனுப்புகிறது. பிரவுசரில் டெவலப்பர்களுக்கென உள்ள கருவிப்பெட்டியான டெவ்டூல்ஸில் இவை ஸ்டைல், லேஅவுட், பெயின்ட், காம்போசிட் என்று தெரியும்.

ரியாக்ட்டின் வேலை, ஸ்டைல், லேஅவுட், பெயின்ட்டின் பெரும்பகுதி ஆகியவை மெயின் த்ரெட் என்ற ஒரே வேலை வரிசையில் நடக்கின்றன. பயனர் அழுத்திய விசையைக் கவனிப்பதும் அதே த்ரெட்தான். ஒரே கவுண்டர் உள்ள ரேஷன் கடை மாதிரி: முன்னால் நிற்பவர் மூட்டையைக் கட்டி முடிக்கும் வரை பின்னால் இருப்பவருக்கு வழியில்லை. பட்டியல் ரெண்டர் ஆகிக்கொண்டிருக்கும்போது அடுத்த எழுத்தைத் தட்டினால், அந்த எழுத்து காத்துக்கிடக்கும்.

எவ்வளவு நேரம் வரை பரவாயில்லை? திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடி. 120 முறை புதுப்பிக்கும் போன்களில் அது 8.3 ஆகக் குறைகிறது. ஸ்க்ரோல், அனிமேஷன் போன்ற தொடர் அசைவுகளுக்கு இந்த அளவு முக்கியம். தட்டுவதற்கும் கிளிக்குக்கும் இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. சுமார் 100 மில்லி விநாடிக்குள் திரை மாறிவிட்டால் உடனே நடந்ததாகவே நமக்குத் தோன்றும் என்பதைப் பயன்பாட்டு வசதி ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதி வைத்தார். மெயின் த்ரெட்டை 50 மில்லி விநாடிக்கு மேல் பிடித்துவைக்கும் எந்த வேலையையும் பிரவுசர்கள் ‘லாங் டாஸ்க்’ என்று குறிப்பதற்கும் இந்த 100-தான் காரணம். ஒரு வேலை 50-க்குள் முடிந்தால், அதன் நடுவில் வந்த கிளிக்கைக் கவனித்துப் பதில் தர இன்னொரு 50 மீதம் இருக்கும்.

தேவையில்லாத ரெண்டர் எங்கிருந்து வருகிறது?

ஒரு கம்போனென்ட் மீண்டும் ரெண்டர் ஆவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள்தான் உண்டு. அது நினைவில் வைத்திருக்கும் சொந்தத் தரவான ஸ்டேட் மாறியிருக்கும், பல கம்போனென்ட்கள் பகிர்ந்து படிக்கும் தரவான கான்டெக்ஸ்ட் மாறியிருக்கும், அல்லது அதைத் தனக்குள் வைத்திருக்கும் பெற்றோர் கம்போனென்ட் ரெண்டர் ஆகியிருக்கும். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது மூன்றாவதில். பெற்றோர் கொடுக்கும் மதிப்புகளான ப்ராப்ஸ் மாறினால்தான் பிள்ளை ரெண்டர் ஆகும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. பெற்றோர் ரெண்டர் ஆனால், ப்ராப்ஸ் அப்படியே இருந்தாலும் பிள்ளைகள் எல்லாம் ரெண்டர் ஆகும். மெமோ போட்டு நாம் சொன்னால்தான் ரியாக்ட் நின்று ப்ராப்ஸை ஒப்பிட்டுப் பார்க்கிறது.

நம் துணிக்கடையில் தட்டிய சொல் பக்கத்தின் உச்சியில் உள்ள கம்போனென்ட்டின் ஸ்டேட்டில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு விசைக்கும் தலைப்பு, வடிகட்டிகள், ஆயிரம் வரிசைகள், அடிக்குறிப்பு எல்லாம் ரெண்டர் ஆகின்றன. தமிழில் தட்டும்போது இது இன்னும் கூடும். ‘சட்டை’ என்பது மூன்று எழுத்து. தமிழ்99 விசைப்பலகையில் அதற்கு ச, ட, ட, ஐ என நான்கு விசைகள். பயனர் மூன்று எழுத்துகளைப் பார்ப்பதற்குள் பக்கம் நான்கு முறை ரெண்டர் ஆகிவிடும். ஆங்கிலச் சொற்களை வைத்து மட்டும் சோதித்துவிட்டு ‘வேகமாகத்தான் இருக்கிறது’ என்று முடிவு கட்டக் கூடாது.

ப்ரொஃபைலரில் என்ன தெரியும்?

ரியாக்ட் டெவ்டூல்ஸ் என்ற பிரவுசர் நீட்சியை நிறுவினால் இரண்டு வசதிகள் கிடைக்கும். முதலாவது, ரெண்டர் ஆகும் கம்போனென்ட்களைச் சுற்றி வண்ணக் கோடு போட்டுக் காட்டும் அமைப்பு. அமைப்புகளில் அதை இயக்கிவிட்டுத் தேடல் பெட்டியில் ஒரே ஒரு எழுத்தைத் தட்டுங்கள். பக்கம் முழுக்கக் கோடுகள் மின்னினால், பெட்டிக்குச் சம்பந்தமில்லாதவையும் ரெண்டர் ஆகின்றன என்று அர்த்தம். அளவு எதுவும் சொல்லாது. ஆனால் எந்தப் பக்கம் தேடுவது என்று ஒரு நிமிடத்தில் காட்டிவிடும்.

இரண்டாவது ப்ரொஃபைலர் தாவல். இது 2018-இல் ரியாக்ட் 16.5 பதிப்போடு வந்தது. பதிவுப் பொத்தானை அழுத்தி, ஓர் எழுத்தைத் தட்டி, பதிவை நிறுத்தினால், நடந்த ஒவ்வொரு கமிட்டும் மேலே ஒரு பட்டையாக நிற்கும். உயரமான பட்டையைத் திறந்தால் ஃப்ளேம்கிராஃப் வரும்: கம்போனென்ட் மரத்தின் படம். ஒவ்வொரு கட்டத்தின் அகலமும் நிறமும் நேரத்தைக் குறிக்கும். சாம்பல் நிறம் என்றால் அந்த கமிட்டில் அது ரெண்டர் ஆகவே இல்லை. நீலப்பச்சை குறைந்த நேரம், மஞ்சள் அதிக நேரம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் பட்டியலில் ஒரு வரிசை ரெண்டர் ஆக 0.2 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். நேர வரிசைப்படி அடுக்கிக் காட்டும் ரேங்க்ட் வரைபடத்தைப் பார்த்தால் எல்லாமே 0.2, 0.2 என்று அப்பாவியாக நிற்கும். ‘எதுவும் மெதுவாக இல்லையே’ என்று மூடிவிடத் தோன்றும். ஆனால் ஆயிரம் வரிசைக்கு அது 200 மில்லி விநாடி. ஃப்ளேம்கிராஃபில் பட்டியல் கம்போனென்ட்டின் மேல் சுட்டியை வைத்தால் தன் சொந்த வேலைக்கு அரை மில்லி விநாடி, பிள்ளைகளோடு சேர்த்து 200 என்று இரண்டு எண்களும் தெரியும். மெதுவான பக்கங்களில் ஒரு பெரிய குற்றவாளி இருப்பதைவிட, இப்படிச் சின்னச் சின்ன வேலை ஆயிரம் சேர்ந்து நிற்பதையே அதிகம் எதிர்பார்க்கலாம்.

ப்ரொஃபைலரின் அமைப்புகளில், ஒவ்வொன்றும் ஏன் ரெண்டர் ஆனது என்பதையும் பதிவுசெய்யச் சொல்லும் தேர்வு ஒன்று உண்டு. அதை இயக்குங்கள். ‘பெற்றோர் ரெண்டர் ஆனதால்’ என்று வந்தால் ஒரு வகை வைத்தியம். ‘ப்ராப்ஸ் மாறியது’ என்று வந்து, மாறிய ப்ராப்பின் பெயராக கிளிக்கைக் கவனிக்கும் ஃபங்ஷன் தெரிந்தால் வேறு வகை. பெற்றோருக்குள்ளேயே எழுதிய ஃபங்ஷன் ஒவ்வொரு ரெண்டரிலும் புதிதாகப் பிறக்கிறது. பிள்ளைக்கு மெமோ போட்டிருந்தாலும் ‘புது ப்ராப்’ என்று கருதி அது ரெண்டர் ஆகிவிடும். மெமோ போட்டும் பலனில்லை என்று புலம்பும் பல இடங்களில் காரணம் இதுதான்.

சரி, இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? உருவாக்கும்போது நாம் ஓட்டும் வடிவமான டெவலப்மென்ட் பில்டில் வரும் மில்லி விநாடிகளை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த பில்டில் எச்சரிக்கைச் சோதனைகள் நிறைய ஓடும். தவறுகளைக் கண்டுபிடிக்க உதவும் ஸ்ட்ரிக்ட் மோடில் கம்போனென்ட் ஃபங்ஷன்களை ரியாக்ட் வேண்டுமென்றே இரண்டு முறை அழைக்கும். உண்மைக்குப் பக்கத்தில் போக வேண்டுமென்றால் ப்ரொஃபைலிங் வசதியோடு கூடிய ப்ரொடக்ஷன் பில்டை (பயனர்களுக்குப் போகும் வடிவம்) எடுத்து, பிரவுசரில் நீட்சிகள் குறைவாக உள்ள தனிப் பயனர் கணக்கில் திறந்து, குரோமின் பெர்ஃபார்மன்ஸ் தாவலில் சி.பி.யூ. வேகத்தை நான்கு மடங்கு குறைத்துப் பாருங்கள். மடிக்கணினியில் 200 ஆக இருந்தது அங்கே 800-ஐத் தொடும். பட்ஜெட் போனில் கடையைத் திறக்கும் வாடிக்கையாளர் பார்ப்பது கிட்டத்தட்ட இதைத்தான்.

கோடுக்குள்ளேயே வைக்கும் அளவுகோல்

டெவ்டூல்ஸ் தாவலைத் திறந்து உட்கார்ந்தால்தான் அளக்க முடியும் என்பதில்லை. 2019-இல் ரியாக்ட் 16.9 பதிப்பு ப்ரொஃபைலர் என்ற கம்போனென்ட்டையே தந்தது. பட்டியலைச் சுற்றி அதைப் போட்டு, ஓர் அடையாளப் பெயரையும் ஒரு ஃபங்ஷனையும் கொடுத்தால், அந்தப் பகுதிக்குள் எது கமிட் ஆனாலும் ரியாக்ட் நம் ஃபங்ஷனை அழைத்து விவரம் சொல்லும். நீங்கள் கொடுத்த பெயர், இது முதல் ரெண்டரா மறு ரெண்டரா, ஆக்சுவல் டியூரேஷன், பேஸ் டியூரேஷன், தொடங்கிய நேரம், கமிட் நேரம் என ஆறு தகவல்கள்.

நடுவில் உள்ள இரண்டு எண்களைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். ஆக்சுவல் டியூரேஷன் என்பது இந்த முறை அந்தப் பகுதியை ரெண்டர் செய்ய உண்மையில் ஆன நேரம். பேஸ் டியூரேஷன் என்பது எந்த மெமோவும் இல்லாமல் அந்தப் பகுதி முழுவதையும் ரெண்டர் செய்தால் எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடு. ஒவ்வொரு கம்போனென்ட்டும் கடைசியாக ரெண்டர் ஆன நேரங்களைக் கூட்டி ரியாக்ட் இதைச் சொல்கிறது. முதல் ரெண்டரில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருப்பது இயல்பு. ஆனால் அதன் பிறகும் ஒவ்வொரு விசைக்கும் ஆக்சுவல் 198, பேஸ் 200 என்றே வந்தால் நீங்கள் போட்ட மெமோ எதுவும் வேலை செய்யவில்லை. ஆக்சுவல் 6, பேஸ் 200 என்று வந்தால் நன்றாக வேலை செய்கிறது.

முதல் ரெண்டரா மறு ரெண்டரா என்று சொல்லும் இடத்தில் ‘நெஸ்டட் அப்டேட்’ என்று அடிக்கடி வந்தால் அதையும் கவனியுங்கள். ஒரு கமிட் நடந்து திரைக்குப் போகுமுன்பே லேஅவுட் எஃபெக்ட்டில் ஸ்டேட்டை மாற்றி இன்னொரு ரெண்டரை நாமே கிளப்பிவிடுகிறோம் என்று பொருள்.

இந்தக் கம்போனென்ட் சாதாரண ப்ரொடக்ஷன் பில்டில் எதுவும் சொல்லாது. அளப்பதற்கே கொஞ்சம் செலவாகும் என்பதால் ரியாக்ட் அதை அணைத்து வைத்திருக்கிறது. நேரடிப் பயனர்களிடம் அளக்க வேண்டுமென்றால் ப்ரொஃபைலிங் பில்டை ஒரு சிறு பங்கினருக்கு மட்டும் அனுப்பலாம்.

ரியாக்ட்டின் கண்ணுக்குத் தெரியாத பாதி

ப்ரொஃபைலர் 30 மில்லி விநாடி என்கிறது, பக்கமோ கால் விநாடிக்கு மேல் உறைந்து நிற்கிறது. இப்படியும் நடக்கும். கமிட்டுக்குப் பிறகு பிரவுசர் செய்யும் ஸ்டைல், லேஅவுட், பெயின்ட் எதுவும் ரியாக்ட்டின் கணக்கில் வராது. அதற்கு குரோமின் பெர்ஃபார்மன்ஸ் தாவலில்தான் பதிவு எடுக்க வேண்டும். அங்கே மஞ்சள் ஜாவாஸ்கிரிப்ட், ஊதா ஸ்டைலும் லேஅவுட்டும், பச்சை பெயின்ட். நீண்ட ஊதாப் பட்டை தெரிந்தால், மெமோவைக் கட்டி அழுவதில் பயனில்லை. பக்கத்தில் உறுப்புகள் அளவுக்கு மீறி இருக்கின்றன, அல்லது லேஅவுட்டை நாமே வலுக்கட்டாயமாக ஓட வைக்கிறோம்.

இரண்டாவது எப்படி நடக்கிறது என்றால், ஒரு லூப்பில் வரிசையின் உயரத்தை மாற்றுகிறோம், உடனே அதன் ஆஃப்செட் ஹைட்டை (பக்கத்தில் அதன் உயரம்) படிக்கிறோம், அடுத்த வரிசைக்குப் போகிறோம். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் சரியான விடை தருவதற்காக பிரவுசர் அந்தக் கணமே லேஅவுட்டைக் கணக்கிட்டாக வேண்டும். ஆயிரம் வரிசை என்றால் ஆயிரம் கணக்கு. முதலில் எல்லாவற்றையும் படித்துவிட்டு, அப்புறம் எல்லாவற்றையும் எழுதினால் ஒரே கணக்கில் முடிந்துவிடும். பதிவில் இது ‘ஃபோர்ஸ்டு ரீஃப்ளோ’ என்ற எச்சரிக்கையோடு தெரியும்.

முன்பெல்லாம் ரியாக்ட்டின் பதிவையும் பிரவுசரின் பதிவையும் தனித்தனியாக எடுத்து மனதுக்குள் பொருத்திப் பார்க்க வேண்டியிருந்தது. 2025 அக்டோபரில் வந்த ரியாக்ட் 19.2, தன் கம்போனென்ட் நேரங்களை குரோமின் காலக்கோட்டிலேயே தனித் தடங்களாக வரைகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். ரியாக்ட் போன்ற இன்னொரு நூலகமான வ்யூவைப் பயன்படுத்துகிறவர்கள் செயலியின் அமைப்பில் பெர்ஃபார்மன்ஸ் என்பதை இயக்கினால் டெவலப்மென்ட்டில் இதுபோன்ற தடங்கள் கிடைக்கும். இதே வகையைச் சேர்ந்த ஆங்குலரின் டெவ்டூல்ஸிலும் ஒரு ப்ரொஃபைலர் உண்டு.

பயனர் காத்திருக்கும் நேரம்

இதுவரை பார்த்தது எல்லாம் நம் மேசையில் நடக்கும் அளவு. பயனரின் போனில் என்ன நடக்கிறது என்பதற்கு இப்போதைய சிறந்த அளவு இன்டராக்ஷன் டு நெக்ஸ்ட் பெயின்ட், சுருக்கமாக ஐ.என்.பி. பயனர் ஒரு கிளிக்கோ தட்டலோ செய்ததிலிருந்து அதன் பலனாகத் திரை அடுத்து வரையப்படும் வரை எவ்வளவு நேரம் என்பதை இது சொல்கிறது. 2024 மார்ச் 12 அன்று இணையதளங்களின் பயனர் அனுபவத்தை அளக்க கூகுள் வைத்திருக்கும் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகளில் ஒன்றாக ஆனது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்த எஃப்.ஐ.டி. (ஃபர்ஸ்ட் இன்புட் டிலே), முதல் செயலை மட்டும், அதிலும் கையாளத் தொடங்கும் வரையான தாமதத்தை மட்டும் அளந்தது. ரெண்டர் எவ்வளவு இழுத்தாலும் அதில் தெரியாது. ஐ.என்.பி. பக்கத்தில் இருக்கும் நேரம் முழுவதையும் கவனித்து ஏறக்குறைய மிக மோசமான செயலை எடுத்துச் சொல்கிறது. 200 மில்லி விநாடிக்குள் என்றால் நன்று, 500-ஐத் தாண்டினால் மோசம். வருகைகளில் 75-ஆவது சதமானத்தை, அதாவது நான்கில் மூன்று வருகைகள் எந்த எண்ணுக்குள் அடங்குகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். சராசரியைப் பார்த்தால் வேகமான போன் வைத்திருப்பவர்கள் மற்றவர்களின் அவதியை மறைத்துவிடுவார்கள்.

கூகுளின் வெப்-வைட்டல்ஸ் நூலகத்தைச் சேர்த்தால் இந்த எண்ணோடு அதன் பிரிவுகளும் வரும். செயலைக் கையாளத் தொடங்கும் வரை ஆன தாமதம், கையாண்ட நேரம், அதற்குப் பிறகு திரை வரையப்படும் வரை ஆன நேரம். முதலாவது பெரிதாக இருந்தால் வேறு ஏதோ வேலை மெயின் த்ரெட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. நடுவில் உள்ளது பெரிதென்றால் பெரும்பாலும் நம் ரெண்டர். கடைசி பெரிதென்றால் லேஅவுட்டும் பெயின்ட்டும் பக்கம் பாருங்கள். குரோம் 123 முதல் கிடைக்கும் லாங் அனிமேஷன் ஃப்ரேம்ஸ் வசதி, 50 மில்லி விநாடியைத் தாண்டிய ஃப்ரேம்களில் எந்தக் கோப்பின் எந்த ஃபங்ஷன் ஓடியது என்றும் காட்டிக்கொடுக்கும்.

ரெண்டர் நேரமும் காத்திருக்கும் நேரமும் ஒன்றல்ல என்பதை நம் பட்டியலிலேயே பார்க்கலாம். ஒரு மதிப்பின் மாற்றத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கும் ரியாக்ட்டின் யூஸ்டெஃபர்டுவேல்யூவைப் பயன்படுத்தி, தேடல் பெட்டிக்கு உடனடி மதிப்பையும் மெமோ போட்ட பட்டியலுக்குத் தள்ளிவைத்த மதிப்பையும் கொடுக்கிறோம். இப்போது ஒரு விசைக்குப் ப்ரொஃபைலரில் இரண்டு கமிட்கள் தெரியும்: பெட்டிக்குச் சின்னதாக ஒன்று, பட்டியலுக்குப் பெரிதாக ஒன்று. பட்டியலின் ரெண்டர் நேரம் அதே 200-தான். கொஞ்சம் கூடுதலாகவும் வரலாம். ஆனால் அந்த வேலையை ரியாக்ட் சுமார் 5 மில்லி விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி, இடையில் விசை ஏதாவது வந்திருக்கிறதா என்று பிரவுசருக்கு வழிவிடுகிறது. எழுத்து உடனே தெரிகிறது, ஐ.என்.பி. இறங்குகிறது. ப்ரொஃபைலர் எண்ணை மட்டும் பார்ப்பவர் இந்த மாற்றத்தால் பயனில்லை என்று திருப்பிப் போட்டுவிடுவார். ஒரு நுணுக்கம்: இரண்டு கம்போனென்ட்களுக்கு இடையில்தான் ரியாக்ட்டால் நிறுத்த முடியும். ஒரே கம்போனென்ட்டுக்குள் 150 மில்லி விநாடி ஓடும் லூப் இருந்தால் இந்த வழி உதவாது.

மற்ற வைத்தியங்கள் நிறைய இருக்கின்றன. ஸ்டேட்டை அது தேவைப்படும் இடத்துக்குப் பக்கத்தில் இறக்கிவைப்பது பெரும்பாலும் மிக எளிதானது. திரையில் தெரியும் இருபது முப்பது வரிசைகளை மட்டும் ரெண்டர் செய்வது பெரிய பட்டியல்களுக்கு மிகப் பலன் தரும், ஊதாப் பட்டையையும் சேர்த்துக் குறைக்கும். 2025 அக்டோபரில் 1.0 ஆன ரியாக்ட் கம்பைலர் மெமோ வேலையைத் தானே செய்துகொள்கிறது. எதைச் செய்தாலும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே போன் வேகத்தில், அதே செயலைப் பதிவெடுத்து ஒப்பிடுங்கள்.

மாற்றத்தை வெளியிட்ட பிறகு ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். கூகுளின் குரோம் பயனர் அனுபவ அறிக்கை கடந்த 28 நாள் தரவைச் சேர்த்துச் சொல்கிறது. இன்று சரிசெய்தால் அங்கே முழுப் பலனும் தெரிய நான்கு வாரம் ஆகும். நேற்று வந்த கோளாறும் அங்கே மெதுவாகத்தான் தலைகாட்டும். ஆகவே வெப்-வைட்டல்ஸ் தரும் எண்களை, பக்கத்தின் பெயர், வெளியீட்டு எண், சாதனத்தின் நினைவக அளவு ஆகியவற்றோடு சேர்த்து உங்கள் சர்வருக்கே அனுப்பிவையுங்கள். எந்த வெளியீட்டில், எந்த வகைப் போனில் தேடல் பெட்டி மெதுவானது என்பது மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும்.